டிரை மவுண்டிங் பிரஸ்: பசைக் காலம் முதல் பழுது பார்க்கும் காலம் வரை

படத்தாளுக்கும் அட்டைக்கும் நடுவே சூட்டில் இளகும் மெல்லிய ஒட்டுத்தாளை வைத்து, மூன்றையும் சூடான தட்டின் கீழ் அழுத்தி ஒன்றாக்கும் இயந்திரம் டிரை மவுண்டிங் பிரஸ். கனத்த இரும்புச் சட்டம், மின்சாரத்தில் சூடேறும் உலோகத் தட்டு, அதற்குக் கீழே மெத்தை பரப்பிய பலகை, அழுத்திப் பூட்டும் நெம்புகோல் கைப்பிடி ஆகியவையே இதன் உறுப்புகள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புகைப்படக் கண்காட்சிகளுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் படச்சட்டக் கடைகளுக்கும் உழைத்த இந்த இயந்திரங்களுள் கணிசமானவை இன்னும் நல்ல உடற்கட்டோடு இருக்கின்றன. செய்த நிறுவனங்கள் கைமாறிவிட்டன, அல்லது மறைந்துவிட்டன. உதிரிபாகம் கிடைக்காது என்ற ஒரே காரணத்தால் பழைய இரும்பு விலைக்குப் போகும் பிரஸ்களுள் பெரும்பாலானவை உண்மையில் செப்பனிடக்கூடியவை. இதை விளங்கிக்கொள்ள, இயந்திரம் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் படத்தை அட்டையில் ஒட்டுவது அலங்காரத்துக்காகச் செய்த வேலை அல்ல. 1850இல் பிரெஞ்சுக்காரரான பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய ஆல்புமின் தாள், முட்டை வெண்கரு பூசிய மிக மெல்லிய தாள். கழுவிக் காய்ந்ததும் அது சுருண்டுகொள்ளும். அட்டையின் துணையில்லாமல் அதைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. 1854இல் பாரிஸில் டிஸ்டெரி காப்புரிமை பெற்ற கார்ட் டி விசிட் என்னும் சிறு படமும், 1860களின் நடுவில் பரவிய கேபினட் கார்டும் அட்டையில் ஒட்டிய படங்களாகவே உலகைச் சுற்றின. ஸ்டூடியோவின் பெயர் பொறித்த அந்த அட்டைகள் சென்னையின் பழைய குடும்பத் தொகுப்புகளிலும் உண்டு.

அப்போது ஒட்டியது மாவுப்பசையால். ஈரத்தாளின் பின்புறத்தில் ஸ்டார்ச் பசையைத் தடவி, அட்டையில் வைத்து ரோலரால் உருட்டுவார்கள். பசையிலுள்ள நீரால் தாள் விரியும். காயும்போது சுருங்கி அட்டையையும் வளைக்கும். பசையின் ஈரமும் அட்டையின் அமிலமும், சரியாகக் கழுவாத ஹைப்போ என்னும் படம் நிலைநிறுத்தும் உப்பும் சேர்ந்து படத்தை மஞ்சளாக்கின. வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த ஊர்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. பசையே இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவாகிவிடும். பழைய படங்களில் முகத்தைவிட முதுகு அதிகமாக அரிபட்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒட்டுவேலைக்குள் சூடு முதலில் நுழைந்தது ஒட்டுவதற்காக அல்ல, மெருகேற்றுவதற்காக. ஒட்டி முடித்த கார்டை, கீழிருந்து விளக்கால் சூடாக்கிய எஃகுக் கட்டையின் மேல் ரோலர் அழுத்தத்தோடு இழுத்தால் முகப்பு வழவழப்பாகிப் பளபளக்கும். பர்னிஷர் எனப்பட்ட இந்தக் கருவி 1870களில் ஸ்டூடியோக்களில் பரவியது. சூடான உலோகம், சீரான அழுத்தம், நடுவே ஒரு படம் என்னும் மூன்றும் அங்கேயே கூடிவிட்டன. பசைக்கு மாற்றுதான் இன்னும் வரவில்லை.

அந்தத் தேவையை வலுப்படுத்தியது தாள் மாற்றம். 1880களுக்குப் பிறகு ஆல்புமினின் இடத்தை ஜெலட்டின் தாள் பிடித்தது. ஜெலட்டின் ஈரத்தில் ஊறி இளகும்; கண்ணாடிபோல் காய வைத்த அதன் பளபளப்பு பசை பட்டாலே போய்விடும். கலைப் புகைப்படக்காரர்கள் விரும்பிய பிளாட்டினம் தாளின் மென்மையான முகப்புக்கும் பசைக் கறை ஆகாது. தண்ணீரே தேவைப்படாத ஒட்டுமுறை ஒன்று வேண்டியிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அது கிடைத்தது. மெல்லிய தாளின் இருபுறமும் அவலரக்கை (ஷெல்லாக்) பூசி உலர்த்திவிடுவது. அதைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்துச் சூட்டோடு அழுத்துவது. அவலரக்கு ஏறத்தாழ 75 முதல் 80 டிகிரி செல்சியஸில் இளகி, ஆறியதும் இறுகிவிடும். உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டு, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. லண்டனிலும் நியூயார்க்கிலும் தொங்கிய படங்களின் பின்னால் இந்தியப் பழங்குடி மக்களின் உழைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது என்பதைப் புகைப்பட வரலாறுகள் அரிதாகவே சொல்கின்றன.

லண்டனில் இந்த முறையைத் தொழிலாக்கிய அட்ஹீசிவ் டிரை மவுண்டிங் கம்பெனி, பின்னாளில் அடெம்கோ என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. ஒட்டுத்தாளோடு அதற்குரிய திருகு அழுத்தியையும் அது விற்றது. பசையின் வளைவு இல்லாததால் மெல்லிய வண்ணத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் நூலளவு வெளியே தெரியும்படி படத்தைச் சுற்றி ஒட்டும் பாணி எளிதாயிற்று. நியூயார்க்கில் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸைச் சுற்றியிருந்த ஃபோட்டோ செசெஷன் குழுவினரின் படங்களில் இப்படி அடுக்கி ஒட்டியவற்றைக் காணலாம். சூடாக்குவதற்கு அன்று கையில் இருந்தவை எரிவாயுவும் ஸ்பிரிட் விளக்கும்தான். பிரஸ் வாங்க வசதியில்லாதவர்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டியையே பயன்படுத்தினார்கள். வேலை நடந்தது. ஆனால் பெட்டியின் விளிம்பு படத்தில் தழும்பு பதிக்கும் ஆபத்து எப்போதும் இருந்தது.

மின்சார பிரஸை நடைமுறைக்குக் கொண்டுவந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். இரண்டுமே புகைப்படத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். செந்தணலாகச் சூடேறினாலும் எளிதில் துருப்பிடித்து அறாத ஹீட்டர் கம்பி அது. 1920களில் ஈருலோகத் தகட்டால் இயங்கும் தெர்மோஸ்டாட்டுகள் வீட்டுக் கருவிகளில் இடம்பிடித்தன. சூட்டில் வேறுபட்ட அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, குறித்த சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேர்க்கும். இஸ்திரிப்பெட்டி, ரொட்டி வாட்டி, டிரை மவுண்டிங் பிரஸ் ஆகியவற்றின் உள்ளுறுப்புகள் இப்படித்தான் ஒரே வகையாகின. பிற்காலத்தில் பழுது பார்ப்பவருக்கு இந்த உறவே பெரிய மூலதனம்.

அமெரிக்காவில் இந்தத் துறையை ஆண்ட பெயர் சீல். கனெக்டிகட் மாநிலத்தில் இயங்கிய இந்த நிறுவனத்தின் கமர்ஷியல், ஜம்போ வகைகள் பள்ளி இருட்டறை முதல் பெரிய படச்சட்டக் கடை வரை எங்கும் இருந்தன. நிறுவனத்தின் வடிவமைப்பில் ஒரு நல்ல யோசனை உண்டு: தட்டின் மூன்று பக்கமும் திறந்திருக்கும். ஆகவே தட்டைவிடப் பெரிய படத்தையும் பகுதி பகுதியாக நகர்த்தி ஒட்டலாம். ஆன்செல் ஆடம்ஸ் தம் படங்களை டிரை மவுண்ட் செய்தே வைத்தார். தம் நூல்களிலும் அந்த முறையை விளக்கினார். ஒரு தலைமுறைப் புகைப்படக்காரர்களுக்கு அதுவே ஒழுங்கான முறை என்றாயிற்று. இதே காலத்தில் ஸ்லைடுகளுக்கும் சூட்டு ஒட்டு வந்தது. 1930களின் இறுதியிலிருந்து கோடக்ரோம் ஸ்லைடுகள் மடித்துச் சூட்டால் ஒட்டும் அட்டைச் சட்டங்களில் வந்தன. அவற்றை வீட்டில் ஒட்டச் சிறு சூட்டுக் கருவிகளும் விற்பனைக்கு வந்தன.

ஒட்டுத்தாளும் மாறியது. அவலரக்கு போய்ச் செயற்கைப் பிசின் வந்தது. சீலின் எம்டி5 என்னும் தாளுக்கு ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸ் வேண்டும், கலர்மவுண்ட்டுக்கு 96, ஃபோட்டோஃபிளாட்டுக்கு 82. இந்த எண்கள் பழுது பார்ப்பவருக்கு மிக முக்கியமானவை. 1960களின் இறுதியில் வண்ணப்படங்களுக்கும், சில ஆண்டுகளில் கருப்பு வெள்ளைக்கும் பாலிஎத்திலீன் பூசிய ஆர்.சி. தாள் வந்தது. ஏறத்தாழ 99 டிகிரிக்கு மேல் போனால் அந்தப் பூச்சு இளகிக் கொப்பளிக்கலாம். பழைய நார்த்தாள் ஐந்தாறு டிகிரி தவறைப் பொறுத்துக்கொண்டது. புதிய தாள் பொறுக்கவில்லை. சரியாக ஓடிக்கொண்டிருந்த பிரஸ்கள் திடீரெனத் 'தவறாக' ஓடுவதாகத் தோன்றியது இதனால்தான்.

பிறகு சூடே தேவையில்லாத, அழுத்தினால் ஒட்டும் பிசின் தாள்களும் குளிர் ரோலர்களும் வந்தன. இங்க்ஜெட் படங்கள் பெருகின. அவற்றுள் சில வகைகள் சூட்டுக்கு அஞ்சும். சீலின் உரிமை ஹன்ட் போன்ற பெரிய நிறுவனங்களிடம் சென்றது. இயந்திரங்களின் பெயர்ப்பலகையில் பீன்ஃபாங் என்ற பெயரும் ஏறியது. உரிமை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மாதிரிகளின் பாக எண்களும் வரைபடங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்தன. 1950களின் பிரஸுக்கு அசல் தெர்மோஸ்டாட் கேட்டால் இன்று கிடைப்பது இன்னொரு செத்த பிரஸிலிருந்து கழற்றியதாகவே இருக்கும்.

ஆனால் அசல் பாகம் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. பிரஸின் சட்டமும் தட்டும் மட்டுமே அதற்கென வார்க்கப்பட்டவை; அவை கெடுவது அரிது. கெடுவதெல்லாம் ஹீட்டர், தெர்மோஸ்டாட், ஒயர், மெத்தை, விளக்கு. இவற்றுக்கு வேண்டியது அசல் எண் அல்ல: எத்தனை வோல்ட், எத்தனை வாட், எவ்வளவு சூடு, எவ்வளவு தடிமன் என்ற விவரங்கள்.

சூடே ஏறாத பிரஸில் முதலில் பார்க்க வேண்டியது ஒயரையும் பிளக்கையும். அவை சரியென்றால் மல்டிமீட்டரால் ஹீட்டரின் தடையை அளக்க வேண்டும். பெயர்ப்பலகையில் உள்ள வோல்ட்டை அதனாலேயே பெருக்கி வாட்டால் வகுத்தால் எதிர்பார்க்க வேண்டிய ஓம் கிடைக்கும். 120 வோல்ட், 1000 வாட் என்றால் ஏறத்தாழ 14 ஓம். அந்த அளவு காட்டினால் ஹீட்டர் நலம். குற்றம் தெர்மோஸ்டாட்டிலோ இணைப்பிலோ இருக்கிறது. எல்லையற்ற தடை காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. சமமான இரண்டு ஹீட்டர்கள் இணையாக உள்ள தட்டில் ஒன்று மட்டும் அறுந்தால் தடை இரட்டிப்பாகும். அப்போது பிரஸ் சூடேறும், ஆனால் மெதுவாக. தட்டின் ஒரு பாதியில் மட்டும் படம் ஒட்டாது. இந்த அறிகுறியைப் பலர் மெத்தைக் குறை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

திறந்த நைக்ரோம் சுருள் மைக்கா தகட்டில் சுற்றியிருந்தால் அறுந்த இடத்தை இணைக்கலாம். ஈயப்பற்று கூடாது. சாதாரண ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் உருகும். ஹீட்டர் கம்பியோ தட்டின் சூட்டைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். திருகு அல்லது நசுக்கு இணைப்பே சரி. கம்பியை வெட்டிச் சுருக்கினால் தடை குறைந்து வாட் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது. அறுந்த கம்பி பழையதென்றால் இணைப்பு தற்காலிகத் தீர்வு மட்டுமே. அடுத்த பலவீனமான இடம் விரைவில் அறும். உலோகக் குழாய்க்குள் மெக்னீசியம் ஆக்ஸைடு அடைத்த ஹீட்டரைத் திறந்து செப்பனிட முடியாது. அதே நீளம், வாட், வோல்ட் சொல்லிப் புதிதாகச் செய்து வாங்க வேண்டும். தொழில்நகரங்களில் இத்தகைய ஹீட்டர்களை அளவுக்குச் செய்து தருபவர்கள் உண்டு. வார்ப்புத் தட்டுக்குள்ளேயே ஹீட்டர் புதைந்திருந்தால், தட்டின் முதுகில் ஒட்டும் சிலிக்கோன் ரப்பர் ஹீட்டர் விரிப்பு கைகொடுக்கும்.

நீண்ட காலம் ஈரக் கிடங்கில் கிடந்த குழாய் ஹீட்டரின் மெக்னீசியம் ஆக்ஸைடு நீரை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் கொடுத்த உடனே கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழுந்தால் பலர் ஹீட்டரையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். காப்புத்தடையை அளக்கும் மெக்கர் கருவி ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால், மின்சாரம் கொடுக்காமல் வெளிச்சூட்டில் மெல்ல உலர்த்தி மீண்டும் அளந்து பார்ப்பது நல்லது. பல ஹீட்டர்கள் அப்படியே மீண்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டின் கேடு இருவகை. இணைப்புப் புள்ளிகள் கருகி மின்சாரம் போகாமல் நிற்பது ஒன்று. புள்ளிகள் உருகி ஒட்டிக்கொண்டு, தட்டு நிற்காமல் சூடேறுவது மற்றொன்று. இரண்டாவதுதான் தீயில் முடியக்கூடியது. கருகிய புள்ளிகளை மெல்லிய அரத்தால் ஒருமுறை துடைக்கலாம். வெள்ளிப்பூச்சு தேய்ந்த பிறகு அது நீடிக்காது. மாற்றுக்கு அசலைத் தேட வேண்டியதில்லை. இன்று தொழிற்சாலைகளில் எங்கும் உள்ள டிஜிட்டல் பி.ஐ.டி. கட்டுப்படுத்தி, தட்டில் பதிக்கும் சூட்டு உணரியான தெர்மோகப்பிள், சுமையைத் தாங்கும் ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே ஆகிய மூன்றும் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் கிடைக்கும். பழைய தெர்மோஸ்டாட்டில் பல டிகிரிக்கு ஏறி இறங்கிய சூடு, இதில் ஓரிரு டிகிரிக்குள் அடங்கும். ஆர்.சி. தாளுக்கு இது அசலைவிட மேலானது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே கெடும். ஆகவே தட்டோடு ஒட்டிய தனித் தெர்மல் கட்-அவுட் ஒன்றைத் தொடராக இணைக்காமல் இந்த மாற்றத்தைச் செய்யவே கூடாது.

அமெரிக்கப் பிரஸை 230 வோல்ட் நாட்டில் ஓட்டுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 120 வோல்ட் ஹீட்டரை நேரடியாக 230இல் இணைத்தால் வாட் மூன்றரை மடங்குக்கு மேல் ஏறும். போதிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு வழி. சமமான இரண்டு ஹீட்டர்கள் இணையாக இருந்தால் அவற்றைத் தொடராக மாற்றுவது இன்னொரு வழி. அப்போது பைலட் விளக்கையும் டைமரையும் தனியே கவனிக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டைமர் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும். ஒரு நிமிடம் வைத்தால் 72 விநாடி ஓடும்.

உள் ஒயர்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. பழைய பிரஸ்களில் ஹீட்டருக்குப் போகும் ஒயரின் சாம்பல்நிற நார்ப் பின்னலும், தட்டுக்கு மேலுள்ள காப்பு அட்டையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ஊதுவது, தேய்ப்பது, உலர்ந்த நிலையில் பிய்ப்பது எதுவும் கூடாது. ஐயமிருந்தால் அந்தப் பகுதியைத் தொடாமல் அறிந்தவர்களிடம் விடுவதே சரி. இயந்திரம் எவ்வளவு அரியதானாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. புது ஒயராக, கண்ணாடி நார் பின்னிய சிலிக்கோன் ஒயரையே போட வேண்டும். வீட்டு வயரிங்கின் பி.வி.சி. ஒயர் இந்தச் சூட்டில் இளகிவிடும். இரண்டு முள் பிளக்கோடு வந்த பிரஸுக்கு எர்த் இணைப்பைச் சேர்த்தே ஆக வேண்டும்.

மிக அதிகமாகக் கெடுவது, மிக மலிவாகச் சரியாவது, கீழ்ப்பலகையின் மெத்தை. ரப்பர் நுரை பல ஆண்டுச் சூட்டில் இறுகிப் பொடியாகும். அழுத்தம் சீராக விழாது; மூலைகள் ஒட்டாமல் நிற்கும். கம்பளி ஃபெல்ட் அல்லது சிலிக்கோன் நுரை விரிப்பு இதற்கு ஏற்றது. புது மெத்தையின் தடிமனுக்கு ஏற்ப அழுத்தத் திருகைத் திருத்திக்கொள்ள வேண்டும். இங்கே திருப்பூர் உதவிக்கு வருகிறது. டி-ஷர்ட்டில் படம் பதிக்கும் ஹீட் பிரஸ் இந்த இயந்திரத்தின் உயிரோடிருக்கும் உறவினர். பின்னலாடைத் தொழிலுக்காக விற்கும் சிலிக்கோன் விரிப்பு, டெஃப்லான் தாள், ஹீட்டர், கட்டுப்படுத்தி எல்லாம் அளவு பொருந்தினால் இதற்கும் ஆகும்.

செப்பனிட்ட பிறகு அளக்காமல் படத்தை வைக்கக் கூடாது. பளபளக்கும் அலுமினியத் தட்டில் இன்ஃப்ராரெட் வெப்பமானி குறைவாகவே காட்டும். அதை நம்பித் தட்டின் சூட்டைக் கூட்டினால் படம் கருகும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே மெல்லிய தெர்மோகப்பிளை வைத்து, பிரஸைப் பூட்டி, நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளப்பதே நேர்வழி. படத்துக்கு உண்மையில் போய்ச் சேரும் சூடு அதுதான். குமிழி எழுந்தால் உடனே பிரஸைக் குறை சொல்லவும் கூடாது. மழைக்காலத்தில் அட்டையும் படமும் ஈரத்தை ஏந்தியிருக்கும்; ஒட்டுத்தாள் இல்லாமல் ஒருமுறை சூடாக அழுத்தித் திறந்து ஆவியை வெளியேற்றினால் பல குமிழிகளைத் தவிர்க்கலாம். பிரித்தெடுக்கக்கூடிய வகை ஒட்டுத்தாள்கள் பிரஸுக்குள் ஒட்டுவதில்லை. வெளியே பாரத்தின் கீழ் ஆறும்போதுதான் பிடிக்கும். அதை அறியாமல் சூட்டைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கமான பிழை.

செப்பனிட்ட பிரஸை எதற்குப் பயன்படுத்துவது என்பதிலும் நிதானம் வேண்டும். ஒருமுறை சூட்டில் ஒட்டிய படத்தை அட்டையிலிருந்து சேதமின்றிப் பிரிப்பது பெரும்பாலும் கடினம். பழைய அவலரக்கு ஒட்டு காலப்போக்கில் கடினமாகிச் சூட்டுக்கும் இளகாமல் போவதுண்டு. அதனால்தான் அருங்காட்சியகங்கள் இன்று அரிய மூலப்படங்களை இப்படி ஒட்டுவதில்லை. காகித மூலைகளிலும் கீல்களிலும் பொருத்துகின்றன. மறுபடி அச்சிடக்கூடிய படங்களுக்கும் கண்காட்சிப் பிரதிகளுக்கும் டிரை மவுண்ட்டை மிஞ்சிய தட்டைத்தன்மை இன்றுவரை வேறு முறையில் எளிதாகக் கிடைக்கவில்லை.

பழுது பார்ப்பவர்கள் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. போட்ட ஹீட்டரின் வாட், ஓம், கட்-அவுட்டின் அளவு, மெத்தையின் தடிமன், மாற்றிய இணைப்பின் வரைபடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் அடிப்பலகையில் ஒட்டிவிட வேண்டும். உற்பத்தியாளரின் ஆவணங்கள் தொலைந்த பிறகு அடுத்துப் பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கப்போகும் ஒரே கையேடு அதுதான்.